வடிவு பல்கலைக்கழகம் பார்க்கப் போனாள்

ஒரு காட்டில், செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் மேற்குப் பக்கத்துப் பாறையில், வடிவு என்றொரு உடும்பு இருந்தாள். பிடித்தால் விடாத குலம். படிப்பையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதும் இரண்டு இடங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. ஒன்று மலையுச்சிப் பல்கலைக்கழகம். இன்னொன்று ஆற்றங்கரைப் பல்கலைக்கழகம். பத்து நாளுக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு கடிதத்தோடும் ஒரு வண்ணப் புத்தகம் இருந்தது. இரண்டிலும் ஒரே புள்ளிமான், ஒரே மரத்தடியில் உட்கார்ந்து, ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தது.

“பக்கத்துல இருக்கற ஆத்தங்கரையில சேந்துடு. நெனச்சா வந்துட்டுப் போகலாம்” என்றார் அப்பா.

“அதான் வேண்டாங்கறேன். வாராவாரம் அழுக்குத் துணி மூட்டையோட வந்து நிப்பா. மலைக்கே போகட்டும்” என்றாள் அம்மா.

“ரெண்டையும் நேர்ல பாத்துட்டு வரேன். மூணு வருஷம் இருக்கப் போறது நான்தானே” என்றாள் வடிவு. ஒரு நோட்டை எடுத்து, நாற்பத்தோரு கேள்விகளை எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் மலையுச்சி. வாசலில் மக்கள் தொடர்பு அலுவலர் அழகேந்திரன் என்கிற மயில் காத்திருந்தார். கலையரங்கத்தைக் காட்டினார். செயற்கை அருவியைக் காட்டினார். நின்று படம் எடுத்துக்கொள்வதற்கென்றே கட்டிய வளைவைக் காட்டினார். வகுப்பறை எங்கே என்று வடிவு கேட்டபோது, “அது உள்ளே எங்கேயோ இருக்கு” என்று பொதுவாகத் தோகையால் ஒரு திசையைக் காட்டினார்.

“சார், இங்க வெயில் எப்ப வரும்?”

“வெயிலா? இங்க எப்பவும் மேகம்தான்! பாத்தாலே ஆடணும்போல இருக்கும்!” என்று சொல்லி, உண்மையாகவே இரண்டு சுற்று ஆடிக் காட்டினார்.

மயிலுக்கு அது சரி. உடும்புக்கு வெயில் பட்டால்தான் கைகால் ஓடும். காலை ஒன்பது மணி வகுப்புக்கு எப்படி நடந்து போவது என்ற கேள்வியை ஆரம்பித்த வடிவு, பாதியிலேயே விறைத்துப்போய், வாயைத் திறந்தபடி சிலையாக நின்றுவிட்டாள். இரண்டு காவலாளிகள் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி மலையடிவாரத்தில் கொண்டுவந்து வெயிலில் சாய்த்து வைத்தார்கள். உடம்பு சூடேறிக் கண் விழித்துப் போனைப் பார்த்தால், பல்கலைக்கழகத்தின் முகநூல் பக்கத்தில் அவள் படம். கீழே, ‘எங்கள் வளாகத்தின் அழகில் மெய்மறந்து நிற்கும் மாணவி.’ முந்நூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

அடுத்து ஆற்றங்கரை. நூலகத்துக்குப் பின்னால் அகலமான பாறை ஒன்று இருந்தது. காலை ஏழு மணிக்கே இளஞ்சூடு. வயிற்றை ஒட்டவைத்துப் படுத்ததும் வடிவுக்குச் சொர்க்கம் தெரிந்தது. ஆனால் இன்னும் நாற்பது கேள்வி பாக்கி இருக்கிறதே! எழுந்து விடுதிக்குப் போனாள்.

விடுதி வார்டன் ஒரு கோழி. கண்டிப்பானவர் என்று கொண்டையிலேயே தெரிந்தது.

“மேடம், குழாய்ல தண்ணி வருமா?”

“ஆத்தங்கரையில நின்னுகிட்டு குழாய்த் தண்ணி கேக்கற மொத ஆளு நீதான்.”

“கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?”

“அஞ்சு மணிக்கு. நான் அடையற நேரம் அதான்.”

“மெஸ்ல முட்டை...” என்று ஆரம்பித்தவள், கோழியின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று சுதாரித்தாள். “முட்டை மார்க் வாங்கினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன் மேடம்.”

“வீட்டுக்கு அனுப்பிடுவோம். மெஸ்ல தெனமும் கோரைப்புல் உப்புமா.”

வெளியே தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மாணவர்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே மட்டும்தான் சிக்னலாம். வரிசையில் கடைசியாகத் தொங்கிய மூன்றாமாண்டுத் தவளை ஒருவனிடம் வடிவு கேட்டாள்: “அண்ணா, இந்த எடம் நல்லாருக்கா?”

“எனக்கு நல்லாருக்கு.”

“எனக்கு?”

“உன்னை இப்பதானே பாக்கறேன். நாலு நாள் இருந்து பாரு.”

நியாயமாகப் பட்டது. வடிவு மழை நாளில் ஒருமுறை வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை வந்தாள். டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறதா என்று அரைநாள் காத்திருந்து பார்த்தாள். ஓட்டுநர் கையை ஆட்டிவிட்டுப் போனார், பஸ் நிற்கவில்லை. எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினாள். பத்தாம் நாள் காலையில் பாறைமேல் படுத்துக் கூட்டிப் பார்த்தாள். குறைகள் இருபத்தாறு. நல்லது ஒன்றே ஒன்று, வெயில். ஆனால் அந்த ஒன்று இல்லாமல் அவளால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாதே. “இங்கதான்” என்று தீர்மானித்து, அலுவலகத்துக்கு ஓடினாள்.

கவுன்ட்டரில் சூப்பிரண்டு ஆமை கடிதத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“பத்து நாள்ங்கறது கடிதம் எழுதின நாள்லேர்ந்தும்மா. காக்கா கொண்டாந்து போட்ட நாள்லேர்ந்து இல்ல. ஒன் எடம் நேத்தே வெயிட்டிங் லிஸ்டுக்குப் போயிடுச்சு.”

“அந்த லிஸ்ட்லயாவது போடுங்க சார்!”

“போடறேன். ஃபாரம் எழுதிக் குடு. ஒனக்கு முன்னாடி பதினேழு பேரு.”

மலையுச்சியின் கெடுவும் அதே நாளில் முடிந்திருந்தது. வடிவு, வராந்தாவில் காத்திருந்த அந்தப் பதினேழு பேர் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஊரிலேயே நல்ல மார்க் வாங்கியவள் இனி ஒரு வருஷம் பாறையில் சும்மா கிடக்க வேண்டும்.

முன்னால் மகளோடு நின்ற வெள்ளாட்டுக்கு மனசு கேட்கவில்லை.

“அழாத கண்ணு. நீ இந்த எடத்தை நல்லாப் பாத்தியா? ஹாஸ்டல் எப்படி?”

வடிவுக்குப் பொய் வராது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். “அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க அத்தை. குழாய்ல தண்ணி வராது.”

“அடியாத்தி! ஆத்தங்கரையிலயா?” வெள்ளாடு மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

அதைக் கேட்டு ஒரு முயல் திரும்பியது. “பஸ்?”

“நிக்காது.”

முயல் போனது. சிக்னலைக் கேட்டுக் கீரி போனது. உப்புமாவைக் கேட்டு நரி, அப்பாவிடம்கூடச் சொல்லாமல், ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனது. இப்படியே இன்னும் ஏழு பேர் கிளம்பிப் போக, அழுகை நின்று வடிவு நிமிர்ந்து பார்த்தபோது வரிசையில் ஆறு பேர்தான் மிச்சம்.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. யாரும் கேட்காமலே நோட்டின் முதல் பக்கத்தை எடுத்தாள். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, கொசுவிலிருந்து ஆரம்பித்தாள். தேதியோடு வாசித்தாள். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. ஐந்து பேர் போனார்கள். கடைசியாக ஓர் அணில் மட்டும் நின்றது.

“நல்லது எதுவுமே இல்லியாக்கா?” என்று பாவமாகக் கேட்டது.

வடிவு நோட்டின் கடைசி வரியைப் பார்த்தாள். பொய் சொல்ல முடியாது. பாறையை நினைத்தாள்.

“வெயில் இருக்கு” என்றாள். “நெறைய.”

“ஐயையோ, வெயில் வேறயா!” என்று அணில் மரத்துக்கு மரம் தாவி மறைந்தது.

உள்ளிருந்து ஆமை லிஸ்டைப் படித்தார். “ஒண்ணு. ரெண்டு. மூணு...” ஒவ்வொன்றுக்கும் விதிப்படி மூன்று முறை கூப்பிட்டதால் மதியச் சாப்பாட்டு நேரமே வந்துவிட்டது. “பதினெட்டு?”

“இருக்கேன் சார்!”

ஆமை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காலி வராந்தாவைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

ஒரு மாதம் கழித்து, பாறைமேல் கவிழ்ந்து படுத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்த வடிவுக்கு அம்மாவின் நினைவு வந்தது. தொட்டியில் ஏறிப் போன் செய்தாள்.

“எடம் எப்படிடீ இருக்கு?” என்றாள் அம்மா. “சித்தி மகன் அடுத்த வருஷம் சேரணும்னு கேக்கறான்.”

வடிவு கீழே பாறையைப் பார்த்தாள். சரியாக ஓர் உடும்பு படுக்கும் அகலம்.

“ரொம்ப மோசம்மா” என்றாள் சந்தோஷமாக.

நீதி: ஓரிடம் உனக்குப் பொருந்துமா என்று தீர விசாரி, பொருந்தினால், விசாரித்ததை எல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிவிடு.