வெள்ளைப் பை மரியாதை

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனிதகுலம் செய்த மாபெரும் சாதனை, வாயைத் தொந்தரவு செய்யாமல் நரம்பு வழியே சோறு போடக் கற்றதுதான். திருச்சுழிப் பக்கம் அதைக் குடும்ப கௌரவமாக உயர்த்திய பெருமை எங்களைச் சேரும்.

என் பெரியப்பா ராமசுப்பு, கண்மாய்க் கரையில் ஆட்டை விரட்டிப் போய்க் காலை முறித்துக்கொண்டார். பசி முறியவில்லை. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முடித்ததுமே இட்லி கேட்டார்.

அவர் மகன் விஜயபாண்டி அண்ணன் கூசிப்போனார். நரிக்குடிப் பங்காளிகள் வேன் பிடித்துப் பார்க்க வருகிறார்கள். எங்கள் பக்கம் நோயாளியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கம்பியில் என்ன தொங்குகிறது என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் பங்காளிகளில் மூத்தவரான பொன்னுச்சாமிக்குப் போன வருஷம் குடலை அறுத்தபோது, பால் போன்ற வெள்ளைப் பையில் சத்து ஏற்றினார்கள். அதிலிருந்து எந்த விசேஷத்திலும் அவருக்கு முதல் பந்தி.

"அப்பாவுக்கும் அந்த வெள்ளைப் பையப் போடுங்க," என்றார் அண்ணன்.

டாக்டரம்மா காளீஸ்வரிக்குச் சின்ன வயசு, உலக அனுபவம் போதாது. குடல் வேலை செய்யாதவர்களுக்குத்தான் அது, நல்ல வயிறு இருக்கும்போது நரம்பில் ஊற்றினால் கிருமி ரத்தத்துக்குள் போய்விடும் என்று வெறும் மருத்துவம் பேசினார்.

"கால்தான ஒடைஞ்சிருக்கு? வாய் நல்லாத்தான இருக்கு? இட்லிய வாங்கிக் குடுங்க."

அப்பனுக்கு ஆஸ்பத்திரியில் இட்லி வாங்கிக் கொடுத்தவன் என்று ஊர் பேசலாமா? அன்றே பெரியப்பாவை, கேட்டதை ஏற்றும் 'முற்போக்கான' மருத்துவமனை ஒன்றுக்கு மாற்றினோம். கழுத்து நரம்பில் குழாய் இறங்கியது. வயிறு காலியாக இருந்தால்தான் சத்து உடம்பில் ஒட்டும் என்று அண்ணனே ஒரு விஞ்ஞான விதியை வகுத்து, வாய்க்கு ஒன்றும் தரக்கூடாதென உத்தரவிட்டார்.

பங்காளிகள் வந்தார்கள். பையை அண்ணாந்து பார்த்தார்கள். தன்னுடையது இதில் பாதிதான் இருக்கும் என்று பொன்னுச்சாமி ஒத்துக்கொண்டார். அண்ணன் பூரித்துப்போய் எல்லோருக்கும் புரோட்டா வாங்கிவந்தார். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம்.

"ஏலே, எனக்கு ஒரு துண்டு பிச்சுக் குடு," என்றார் பெரியப்பா.

"சும்மா இருங்கப்பா. ஆளுக பாக்காக."

வாரம் முடிவதற்குள் குளிர்காய்ச்சல். குழாய் வழியே கிருமி ரத்தத்தில் இறங்கியிருந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பெரிய டாக்டர் பரிசோதித்துவிட்டு, அந்தக் கிருமியால் குடல் வேலையை நிறுத்திவிட்டது, இனி நரம்பு வழியாகத்தான் சாப்பாடு, இப்போது அது அவசியம் என்றார்.

அண்ணன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

அவருடைய தொலைநோக்கை எல்லோரும் மெச்சினோம். ஒருவழியாகப் பெரியப்பாவின் வாய்க்குள்ளும் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்: மூச்சுக் குழாய்.