லேம்ப் சாரும் ஒரு கைப்பிடி அட்சதையும்

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு மெஷினுக்குக் காய்ச்சல் பார்த்த ஒரே மனிதர் எங்கள் லேம்ப் சார்தான். மிகைப்படுத்தவில்லை. செமினார் ஹாலில் எல்.சி.டி. புரொஜெக்டர் ஓடும்போது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் தலையில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு அதே கையைத் தன் நெற்றியில் வைத்து ஒப்பிடுவார். பெரும்பாலும் அவர் நெற்றிதான் அதிகம் சுடும்.

நெல் விளைந்த இடத்தில் இன்ஜினீயர்கள் விளையத் தொடங்கிய காலம் அது. திருவையாறு போகிற வழியில், ரைஸ் மில் வைத்திருந்த ஒருவர் தன் வயலுக்கு நடுவே மூன்று மாடி எழுப்பி, காலேஜ் என்று போர்டு மாட்டினார். அவர்தான் எங்கள் கரஸ்பாண்டன்ட். நான் அங்கே கணக்கு டீச்சர். போனில் இங்கிலீஷ் பேசப் பயப்படாத ஆள் என்று சொல்லி, பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தரும் பிளேஸ்மென்ட் ஆபீசர் பதவியையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். பயப்படாத மாதிரி பேசினேன் என்பதுதான் உண்மை. ரிசீவரை வைத்த பிறகு பார்த்தால் உள்ளங்கை நனைந்திருக்கும்.

புரொஜெக்டரை கரஸ்பாண்டன்ட்டின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து பிளேனில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோதுதான் சீர்காழிப் பக்கத்திலிருந்து லேம்ப் சார் வந்து சேர்ந்தார். சவுதியில் ஆறு வருஷம் ஃபயர் வாட்ச் வேலை பார்த்தவர். அதாவது, யாரோ வெல்டிங் வைப்பார்கள். இவர் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டரோடு நின்று, பொறி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"ஆறு வருஷத்துல எத்தனை தீ அணைச்சீங்க சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்லீங்க மேடம்."

"ஒண்ணுகூடவா?"

"நான்தான் அங்க நின்னேனே மேடம்" என்றார், இதைக்கூடவா விளக்க வேண்டும் என்கிற முகத்தோடு.

புரொஜெக்டரோடு வந்த மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். எண்ணூறுக்கு அறுநூறு ரெசல்யூஷன், ஆயிரத்து நூறு லூமன்ஸ் வெளிச்சம், லேம்ப் ஆயுள் இரண்டாயிரம் மணி நேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் இந்தப் பெருமைகள் அவருக்கு முக்கியமில்லை. முன்னால் பதினான்கு பக்கத்துக்கு 'எச்சரிக்கை' என்று ஒரு பகுதி இருந்தது. அவர் குடியிருந்தது அங்கேதான்.

குளிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று அதில் இருந்தது. "ஹாலுக்குப் பின்னாடி வாட்டர் டேங்க் இருக்கே மேடம், அதுவும் கணக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மேஜையை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டார். இன்னொரு பக்கத்தில், உயரமான மலைப்பிரதேசத்தில் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது. தாம்பாளம் மாதிரி தட்டையாகக் கிடக்கிற எங்கள் ஊரில் இருந்துகொண்டு, மூன்றாவது மாடி ஹாலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தார்.

லேம்ப்பின் ஆயுளில் யாராவது வீணாக ஒரு நிமிஷத்தைச் செலவழித்தால் அவருக்குப் பொறுக்காது. சிவில் டிபார்ட்மெண்ட் பேராசிரியர் ஒருவர் ஒரே ஒரு படத்தைப் போட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் தன் மாமனார் வீடு கட்டிய கதையைச் சொன்னார். லேம்ப் சார் மெதுவாக எழுந்து போய், "சார், மாமனார் கதைக்கு வெளிச்சம் வேணுமா?" என்றார். அன்றிலிருந்து அந்தப் பேராசிரியர் கரும்பலகைக்கே திரும்பிவிட்டார்.

கரண்ட் போவது எங்கள் பக்கம் காபி குடிப்பது போல அன்றாட விஷயம். இருந்த ஒரே யு.பி.எஸ்.ஸை அவர் கம்ப்யூட்டருக்குக் கொடுக்காமல் புரொஜெக்டருக்குக் கொடுத்துவிட்டார். அதனால் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். புரொஜெக்டர் மட்டும் திரையில் நீலமாக எதுவுமே இல்லாத ஒன்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் விசில் அடிப்பார்கள். நான் சண்டைக்குப் போனேன்.

"கம்ப்யூட்டர் செத்தா மறுபடி எழுப்பிக்கலாம் மேடம். சூடா இருக்கும்போது ஃபேன் நின்னு லேம்ப் செத்துச்சுன்னா சிங்கப்பூர்லதான் வாங்கணும்" என்றார்.

ஆண்டு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கப் போனார். "கண்ணு ஐயா, கண்ணு!" என்று ஒரு அலறல். அடுத்த நொடி லேம்ப் சாரின் உள்ளங்கை அந்தப் பெரிய மனிதரின் முகத்தை முழுசாக மூடியிருந்தது. கண்ணாடி ஒரு பக்கம், கழுத்து மாலை ஒரு பக்கம். "யாருங்க இந்த ஆளு?" என்று அவர் கேட்க, கரஸ்பாண்டன்ட், "நம்ம டெக்னீஷியன்தாங்க, கொஞ்சம் பயந்த சுபாவம்" என்று வழிந்தார். அன்று சாயந்தரமே லேம்ப் சாரைக் கூப்பிட்டு, "இனிமே அந்த மெஷினால ஏதாவது பிரச்சினைன்னா நீங்க அதைத் தொடவே கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வருஷம் வந்தது. மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. குறுவை போயிற்று, சம்பாவும் சந்தேகம். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள். தினமும் காலேஜ் வாசலில் யாராவது ஒரு அப்பா நிற்பார். "வயல் இந்த வருஷம் கை விட்டுடுச்சும்மா. பொண்ணுக்கு ஏதாவது வேலைக்கு வழி பண்ணுங்க" என்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். ராத்திரி தூக்கம் வராது.

எத்தனையோ கம்பெனிகளுக்கு போன் போட்டதில், சென்னையிலிருந்து ஒன்று வருவதாக ஒப்புக்கொண்டது. எங்கள் காலேஜுக்கு வரும் முதல் கம்பெனி. அதன் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "உங்க காலேஜ்ல புரொஜெக்டர் இருக்கா?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இருக்கு சார்" என்றேன். பரீட்சை எப்படி எழுத வேண்டும், என்ன மாதிரி கேள்வி வரும் என்பதெல்லாம் அவர்கள் கொண்டுவரும் படங்களில்தான் இருந்தது. காலையில் அதைக் காட்டிவிட்டுப் பரீட்சை. மதியம் திருச்சியில் வேறொரு காலேஜ். புரொஜெக்டர் ஓடவில்லை என்றால் நேராகத் திருச்சிக்குப் போய்விடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாள், விஜயதசமிக்கு மறுநாள். அதற்கு முந்தைய மூன்று நாளும் லேம்ப் சார், தங்கை மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க லீவு போட்டுவிட்டு, புரொஜெக்டரைப் பையில் போட்டு, அலமாரியில் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். பிரின்சிபால் அறையில் இன்னொரு சாவி இருந்தது அவருக்குத் தெரியாது.

கம்பெனி வரும் அன்று காலை எட்டு மணிக்கு ஹாலிலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடினேன். லேம்ப் சார் தரையில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் புரொஜெக்டர். அதன் லென்ஸ் முழுக்கச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம். இரண்டு நாளில் நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது.

அட்டெண்டர் ஆறுமுகத்தைக் கூப்பிட்டோம். வந்தவர் முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை.

"ஆயுத பூஜைம்மா. ஜெனரேட்டர், ஜெராக்ஸ் மெஷின் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம். இருக்கறதுலயே ஒசந்த மெஷின் இது. இதை மட்டும் எப்படிம்மா விடறது?"

"லென்ஸ்லயா வைக்கிறது ஆறுமுகம்?"

"அதுக்கு நெத்தி அதுதானம்மா?"

லேம்ப் சார் மிகவும் சின்னக் குரலில், "வேற ஏதாவது பண்ணீங்களா?" என்றார்.

"அட்சதை போட்டோம் சார். ஒரு கைப்பிடிதான்."

மஞ்சள் தடவிய அரிசி, மேலே இருந்த காற்றுத் துவாரங்கள் வழியாக உள்ளே போயிருந்தது. லேசாக ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். லேம்ப் சார் ஆறுமுகத்தைத் திட்டவில்லை. திட்ட அவகாசமில்லை. மெல்லிய துணியால் லென்ஸை ஊதி ஊதித் துடைத்தார். பிறகு மெஷினைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"தலைகீழா கவுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே மேடம்."

"அரிசி உள்ள இருக்கக் கூடாதுன்னும் போட்டிருப்பான் சார், அவனுக்குத் தோணியிருந்தா!"

கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தார். மேஜையெல்லாம் மஞ்சள் அரிசி கொட்டியது. எல்லாம் வந்ததா, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அதற்குள் வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

வெள்ளைச் சட்டையும் இரவல் டையுமாக அறுபது சொச்சம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் ஆரம்பித்தார். படம் விழுந்தது. லென்ஸின் ஒரு ஓரத்தில் குங்குமம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பெனி முதலாளியின் படம் வந்தபோது அவர் கோட்டும் சூட்டுமாக, நெற்றியில் சிவப்புப் பொட்டோடு காட்சி கொடுத்தார். பின் வரிசையில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். புரொஜெக்டருக்குள்ளே கடகடவென்று சத்தம். ஃபேனில் அரிசி. அடுத்து, சூடு அதிகம் என்று சொல்லும் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அந்த விளக்கு மினுக்கினால் உடனே நிறுத்த வேண்டும், ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும், இல்லையென்றால் லேம்ப் வெடிக்கலாம் என்று லேம்ப் சார் எனக்கு எத்தனை முறை பாடம் எடுத்திருக்கிறார்! அவர் கை ஸ்விட்சுக்குப் போயிற்று. திரையில் மாதிரிக் கேள்விகள் வந்து முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "சார், நிறுத்தாதீங்க. ஓட விடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார்.

"சரிங்க மேடம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது எதுவும் மேனுவலில் கிடையாது. வெளியே ஓடிப்போய், பிரின்சிபால் அறையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாண்ட் ஃபேனைப் பிடுங்கித் தோளில் தூக்கி வந்தார். அதை மெஷினுக்கு நேராக வைத்து முழு வேகத்தில் திருப்பினார். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார். மேஜைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு வரிசைப் பிள்ளைகளை, "எந்திரிங்க, பின்னாடி போய் நில்லுங்க, ஏன்னு கேக்காதீங்க" என்று விரட்டினார். மேனேஜர் திரும்பி, "என்ன சார் பிரச்சினை?" என்றதற்கு, "ஒண்ணுமில்லீங்க, காத்துக்காக" என்றார். பிறகு மெஷினுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில், மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெடித்தால் கண்ணாடி முதலில் அவர் முதுகில்தான் படும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த அரை மணி நேரம் என் ஆயுளில் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியவில்லை. சிவப்பு விளக்கு மினுக்கும், நிற்கும், மறுபடி மினுக்கும். மாதிரிக் கேள்விகள் வந்தன. பின்னால் போன பிள்ளைகள் நின்றுகொண்டே எழுதிக்கொண்டார்கள். கடைசிப் படத்துக்கு முந்தின படம் திரையில் இருந்தபோது கடகட சத்தம் நின்றது. ஃபேன் நின்றுவிட்டது. "டப்" என்று பட்டாசு போல ஒரு சத்தம். இருட்டு, புகை. கண்ணாடிச் சில்லு எல்லாம் உள்ளேயே அடங்கிவிட்டது. "ஓடாதீங்க, மெதுவா வெளிய போங்க, யாரும் கிட்ட வராதீங்க" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. நடுக்கமே இல்லாத குரல்.

பரீட்சை பக்கத்து வகுப்பறைகளில் நடந்தது. பதினொரு பேருக்கு வேலை கிடைத்தது. அதில் ஒரு பெண்ணின் அப்பா மறுநாள் வாசலில் நின்று, என்னிடம் ஒரு தார் வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கரஸ்பாண்டன்ட்டுக்குப் பதினொரு பேர் சந்தோஷம் ஒரு பக்கம், லேம்ப் போன எரிச்சல் ஒரு பக்கம். யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டார். லேம்ப் சார் நாலு வரி எழுதிக் கொடுத்தார்: எச்சரிக்கை விளக்கு மினுக்கியது, நான் நிறுத்தவில்லை, தவறு என்னுடையது. ஆறுமுகத்தின் பெயர் அதில் இல்லை. என் பெயரும் இல்லை. சொன்னபடியே புரொஜெக்டரை அவரிடமிருந்து வாங்கிவிட்டு, அவரைத் தண்ணீர் மோட்டார் ரூமுக்கு மாற்றினார்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்த அன்றே கரஸ்பாண்டன்ட்டிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். இரண்டு நாள் மோட்டார் ரூம் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் மோட்டார் ரூமுக்குப் போனேன். மோட்டாரின் தலையில் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், நான் கரஸ்பாண்டன்ட்கிட்ட போய்ச் சொல்லப் போறேன். ஓட விடுங்கன்னு சொன்னது நான்தானே" என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எப்ப மேடம் சொன்னீங்க?" என்றார் அவர், மோட்டாரைப் பார்த்துக்கொண்டே. "எனக்குக் கேக்கவே இல்லையே. அந்த ஃபேன் சத்தத்துல நீங்க என்ன சொன்னீங்களோ, யாருக்குத் தெரியும்? வேலையப் பாருங்க மேடம், அடுத்த கம்பெனிக்கு போன் போடுங்க."

நான் சொன்னபோது அந்த ஸ்டாண்ட் ஃபேன் பிரின்சிபால் அறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதுக்கு அரை அடி தூரத்தில் நின்றுதான் சொன்னேன். "சரிங்க மேடம்" என்று அவர் சொன்ன குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது.