டைம்பாஸ் கவிதா

"கவிதாவா? அது டைம்பாஸுக்குத்தான்டா! தெனமும் அதேன்னா சலிச்சிப் போவாது? இன்னிக்கி துர்கா!"

திருத்தணி ரயிலில் நின்றபடி நண்பனிடம் கைபேசியில் இப்படிக் கத்திய ஸ்ரீதருக்கு, முதுகுக்குப் பின்னால் வருங்கால மாமனார் பரந்தாமன் நிற்பது தெரியாது. அவர் மகள் பெயர் கவிதா. வருகிற முகூர்த்தத்தில் மலைமேல் கல்யாணம்.

"பஸ்ஸத் தவுர எதுலயும் ஏறாதவன், இன்னிக்கித்தான் மொத மொறையா ரயிலேறுனேன். முருகனே ஏத்தி உட்டுருக்கான்," என்றார் பரந்தாமன். "எம் பொண்ணு உனுக்கு டைம்பாஸா?"

ஸ்ரீதர் பதறித் திரும்பினான். கனகம்மாசத்திரத்தில் எவனோ ஒரு புண்ணியவான் வேர்க்கடலை வறுத்து, பாக்கெட்டுகளுக்குத் தன் மகள்கள் பெயரை வைத்துத் தொலைத்திருந்தான். உப்புப் போட்டது கவிதா. காரம் போட்டது துர்கா. ரயிலில் எல்லாம் 'டைம்பாஸ், டைம்பாஸ்' என்றே விலை போகும். இதை நிதானமாகச் சொல்லியிருந்தால் தொல்லையில்லை.

"மாமா, அது கடலை!"

"கடலையா? கல்யாணத்த வச்சிகினு துர்கா கூட கடலை போட்டுகினு கீறியா?"

"போடல மாமா, துன்னேன்!"

பெட்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கடலைக் கூடையோடு முனியன் வந்தார். ஸ்ரீதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீயே சொல்லு! கவிதா, துர்கா... இன்னா விஷயம்?"

"சாருக்கு ரெண்டும் ஓணும்," என்றார் முனியன் பெருமையாக. "கலந்து கட்டி அடிப்பாரு."

"கல்யாணம் கேன்சல்!" என்று பரந்தாமன் மகளுக்குப் போன் போடப் போனார்.

ஸ்ரீதர் கூடைக்குள் கையை விட்டு இரண்டு பாக்கெட்டையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். பரந்தாமன் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். சிரித்துவிட்டார்.

"வயித்துல பால வாத்தீங்க மாப்ள! டைம்பாஸ்னதும் நான் வேற என்னமோன்னு..."

ஸ்ரீதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மாமாவுக்கும் ஒண்ணு குடுண்ணே," என்றான்.

முனியன் அப்போதுதான் பரந்தாமன் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "அட, நம்ம நைனா! இன்னா, இன்னிக்கி நிர்மலா இல்லியா?"

"நிர்மலான்னு வேற ஒண்ணு கீதா?" என்றான் ஸ்ரீதர்.

"ஆங்... புதுசு மாப்ள. வெல்லம் போட்டது," என்றார் பரந்தாமன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

தனக்குத் தெரியாமல் ஒரு சரக்கா? முனியனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்டி ஒரு கடலையே கெடையாது சார். தெனமும் ஜன்னலோரமா குந்திகினு நைனா கூட கடலை போட்டுகினு வருமே, அந்தம்மா!"