சோதனையில் ஜெயித்த மீன் தவா

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நன்றாக இருக்கும் பொருளைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள் என்பதுதான் கொடுமை. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் பெயின்ட் இன்ஸ்பெக்டர். காய்ந்த பெயின்டில் பிளேடால் நெடுக்கே ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கிழிப்பேன். அதன்மேல் டேப்பை ஒட்டிச் சரக்கென்று பிடுங்குவேன். டேப்போடு பெயின்ட் வந்தால் ஃபெயில், வராவிட்டால் பாஸ். பிறகு கிழித்த இடத்தில் பெயின்டர் ஒரு கோட் அடித்து மூடிவிடுவார். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மனிதனாகப் பிறந்தவன் இந்த அறிவை யார்டு கேட்டிலேயே விட்டுவிட்டு வருவான். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி வசந்தியின் அண்ணன் டில்லிபாபு காசிமேட்டில் படகு வைத்திருப்பவர். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், பத்து நாள் வெயிலில் நின்று, தன் கையாலேயே படகுக்கு நீலப் பெயின்ட் அடித்தார். பார்த்தவர்கள் எல்லாம் அழகு என்றார்கள். நான் சாவிக்கொத்திலிருந்து பிளேடை எடுத்தேன். (சாவிக்கொத்தில் பிளேடு வைத்திருப்பவனுக்குப் பெண் கொடுத்தது அவர்கள் தவறு.) பெயின்ட் ஃபெயில். அதையும் பத்துப் பேர் நடுவில் அறிவித்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் எங்கள் விம்கோ நகர் வீட்டுப் படி ஏறவில்லை.

வசந்திக்கு ஒரே அண்ணன். போனில் அழுது, கெஞ்சி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வர அவரைச் சம்மதிக்க வைத்தாள். வஞ்சிரம் அவர் கொண்டுவருவார், வறுப்பது இவள். ஆனால் எங்கள் பழைய நான்ஸ்டிக் தவாவில் கறுப்பு உரிந்து, மீனோடு சேர்ந்து எங்கள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. தோசைக்கல்லில் மீன் வறுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"இந்த செராமிக்னு விக்கிறாங்கல்ல, அதுல நல்லதா ஒண்ணு வாங்கினு வா. வாங்குனா போதும், ஆராய்ச்சி எதுவும் பண்ணாத" என்றாள் வசந்தி.

முதல் வாக்கியம் மட்டும் என் காதில் விழுந்தது.

வண்ணாரப்பேட்டைப் பாத்திரக் கடை பாய் மூன்று கம்பெனித் தவாக்களை எடுத்து வைத்தார். (பெயரைச் சொன்னால் வம்பு. பச்சை, சந்தனம், சாம்பல் என்று வைத்துக்கொள்வோம்.) பச்சையின் பெட்டி, பூமியைக் காப்பாற்றுவதாகச் சொன்னது. சந்தனத்தின் பெட்டியில் ஒரு வெள்ளைக்காரர் ஆம்லெட்டைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடும் நிலையில் இருந்தார். சாம்பலுக்கு ஏழு அடுக்காம்.

"கோட்டிங் எத்தனை மைக்ரான் பாய்?" என்றேன்.

"இன்னாது?"

"கனம். டெஸ்ட் சர்டிபிகேட் இருக்கா?"

"கேரண்டி கார்டு கீது சார். மீன் வறுக்கத்தான கேட்டீங்க, கப்பலுக்கு அடிக்கவா?"

பாமரர் என்று மன்னித்தேன். மூன்றையும் வாங்கினேன். வீட்டில் சோதித்து, ஜெயித்ததை வைத்துக்கொண்டு, தோற்ற இரண்டைத் திருப்பிக் கொடுப்பது என் திட்டம். இதில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை மாலை வசந்தி மார்க்கெட்டுக்குப் போனாள். நான் பேப்பர் விரித்தேன். கண்ணாடி மாட்டினேன். மூன்று தவாவுக்கும் நட்டநடுவில், அடி உலோகம் தொடும்வரை, நெடுக்கே ஆறு, குறுக்கே ஆறு. டேப். சரக். சந்தனத்தில் நாலு கட்டம் பிய்ந்தது. சாம்பலில், ஏழு அடுக்கும் பேசி வைத்துக்கொண்டது போல் ஒன்றாகவே வந்தது. பச்சை மட்டும் ஒரு கட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பெட்டிமேல் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

ஞாயிறு டில்லிபாபு வந்தார். மீனை வசந்தி கையில் கொடுத்துவிட்டு, "தண்ணி கீதா?" என்று மின்விசிறியைப் பார்த்துக் கேட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரை மின்விசிறி கொடுத்ததாகவே நினைத்துக் குடித்தார். வசந்தி சமையலறையிலிருந்து என்னைக் கவலையோடு பார்த்தாள். நான் "பொறு" என்று சைகை காட்டிவிட்டுப் பச்சைத் தவாவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, மச்சான் காதில் விழும்படி ஒரு சிற்றுரை ஆற்றினேன். சந்தையில் கிடைப்பதிலேயே சிறந்த கோட்டிங், மீன் தானாக வழுக்கிக்கொண்டு தட்டுக்கு வரும் என்றேன்.

மீன் வரவில்லை. வசந்தி கரண்டியால் நெம்பினாள். மேல் பாதி வந்தது, கீழ்ப் பாதி தவாவிலேயே குடியிருந்தது. அடுத்த துண்டும் அப்படியே. சுரண்டிவிட்டு, தவாவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, கோடு கோடா?"

"கிராஸ் கட். ஒரு கட்டம்கூட உரியல பாரு" என்றேன், இன்னும் பெருமையாக.

"மத்த ரெண்டு?"

"அதுலயும் போட்டேன். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி டெஸ்ட் பண்ணாத்தான நியாயம்?"

அவள் கத்தியிருந்தால் தேவலை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஆறு மாசம் கழிச்சு எங்கண்ணன் வாசப்படி மிதிச்சிகீது. ஒரு மீன் வறுத்துப் போட வுடலியே நீ" என்றாள். யார்டில் மூடிவிட ஒரு பெயின்டர் இருக்கிறார், வீட்டில் யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

சத்தம் கேட்டு டில்லிபாபு உள்ளே வந்தார். தவாவைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் கோடுகளைத் தடவினார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அழுவாத வசந்தி. எம்மேல இன்னாவோ காண்டு, அதான் படகுல கீறி அசிங்கப்படுத்திட்டான்னு ஆறு மாசமா பேஜாராகினு கெடந்தேன். இவன் சொந்த வூட்டு தவாவயே வுட்டு வைக்கலியே! மச்சான், உனுக்கு இது வியாதி. கோவிச்சிக்கினு பிரயோஜனமில்ல."

ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. வியாதி என்று சொன்னதற்கு வேறு எவனும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். வீட்டுச் சட்டத்தைத் தள்ளுபடி செய்து மீதி மீனை வசந்தி தோசைக்கல்லில் வறுத்தாள். டில்லிபாபு அதைத் தொடாமல், தவாவில் பிய்ந்த தூளைத்தான் சுரண்டிச் சாப்பிட்டார். "பாஸான மீன் இதான?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். அடுத்த நாலு நாள் எங்கள் தோசைகள் வஞ்சிரம் வாசனை அடித்தன.

தோற்ற தவாக்களைப் பாய் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அவர் கடைக்குள் போனால், முதலில் சாவிக்கொத்தைக் கல்லாமேல் வைக்கச் சொல்கிறார்.

போன மாதம் டில்லிபாபுவின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தனை பேர் நடுவில் அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "இவுருதான் எங்க வசந்தி வூட்டுக்காரரு. இவுரு பாஸ் பண்ணாத்தான் எங்க வூட்ல எதுவும்" என்று சொல்லி, வெற்றிலைத் தட்டில் ஒரு டேப் ரோலை எடுத்து வைத்தார். வசந்தி முழுக்கதையையும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.