ஆறாவது பெயர்

விழா அரங்கில் வைத்திருந்த பலகையைப் பார்த்ததும் மெய்ப்பக்கா விரல் விட்டு எண்ணினார்; மறுபடியும் எண்ணினார்.

பெண்கள் பதிப்பகத்தில் முப்பத்தெட்டு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறவர்; பெயரே அதுவாகிவிட்டது. ஏழு பெண்கள் ஒரு கார் கொட்டகையில் பழைய அச்சு இயந்திரத்தோடு தொடங்கிய கூட்டமைப்பு அது. வேறெவரும் தொடத் துணியாத புத்தகங்களைப் போட்டு, இரண்டு முறை கல்லடியும் பட்டவர்கள். இன்று அவர்களுக்கு விழா. 'மறைந்த தோழிகள்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து பெயர்கள் இருக்க வேண்டும். ஆறு இருந்தன.

ஆறாவது, தூரிகை. எல்லாப் புத்தகங்களுக்கும் அட்டை வரைந்தவள். பதினொரு மணிக்கு விழாவைத் தொடங்கிவைக்க வரப்போகிறவளும் அவள்தான்.

"இதைப் பார்த்தா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவா!"

"விடுங்கக்கா, ஒரே இழுப்பு!" பைண்டிங் பிரிவுப் பெண் வெள்ளைப் பெயிண்டோடு ஓடி வந்தாள். இழுத்தாள். வழிந்தது. துணியால் துடைத்தாள். ஐந்தாவது பெயரும் துணியோடு வந்துவிட்டது.

"ஒருத்திக்கு உயிர் குடுக்கச் சொன்னா, செத்தவளையும் சேர்த்து எழுப்பிட்டியே!"

போர்டு எழுதியவருக்குப் போன் போட்டார்கள். அவர் வரும்வரை பலகையை மூட அகப்பட்டது கறுப்புத் துணி மட்டுமே.

வாசகிகள் வரத் தொடங்கினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்த ஒரு டீச்சர் துணியைப் பார்த்தார், காலியாக இருந்த தலைமை நாற்காலியைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"தூரிகையம்மாவா? எப்போ?"

அரை மணியில் அரங்கமே அழுதது. யாரோ மலர்வளையம் கொண்டுவந்து சாத்தினார்கள். மேடையில் நிகழ்ச்சியைத் தொகுத்தவள் மௌன அஞ்சலிக்கு எல்லோரையும் எழுப்பினாள்.

மெய்ப்பக்கா மைக்கைப் பிடுங்கினார். "உட்காருங்க எல்லாரும்! அவ நல்லா இருக்கா! பத்து நாளா தங்கச்சி வீட்டுல இருக்கா. நேரா இங்கதான் வர்றா!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தச் சத்தத்திலேயே அவர் தூரிகைக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் முறையும் எடுக்கவில்லை.

"விஷயம் காதுக்குப் போயிருக்கும். வீம்புக்குன்னே எடுக்க மாட்டேங்கறா" என்றபடி ஆறாம் முறையும் அழைத்தார்.

அப்போதுதான் போர்டு எழுதுகிறவர் டப்பாவோடு வந்து சேர்ந்தார். மெய்ப்பக்கா அவர் மேல் பாய்ந்தார்.

"குத்துக்கல்லாட்டம் இருக்கறவ பேரைச் செத்தவங்களோட எழுதியிருக்கீங்களே, நான் குடுத்த சீட்டுல அஞ்சு பேர்தானே இருந்தது? கண்ணு எங்கே போச்சு?"

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். கறுப்புத் துணியைப் பார்த்தார். மெய்ப்பக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"முந்தாநாள் ஆஸ்பத்திரியில இருந்து தூரிகையம்மாவே பேசினாங்கம்மா. 'என் பேரையும் சேர்த்து எழுதிடு. பிழைன்னு அக்கா குதிப்பா, கண்டுக்காதே, விழாவுக்குள்ள அது சரியாயிடும்'னாங்க."