ஏழாவது விண்ணப்பம்

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே நான் ஒரு முடிவு எடுத்தேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நான் எடுத்த முதல் முடிவு அதுதான். பிளஸ் ஒன்னில் என் மகள் பாரதி என்ன விருப்பப் பாடம் படிப்பது என்பதை நான் தீர்மானிப்பேன். நான் மட்டுமே தீர்மானிப்பேன்.

அதற்கு எனக்குத் தகுதி உண்டு. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவன் நான். எந்தப் பிள்ளை எந்த குரூப் எடுக்கலாம் என்று சுற்றுவட்டாரமே என்னிடம் வந்து கேட்கும். "உம் பையனுக்குக் கணக்கு வராது, காமர்ஸ்ல போடு" என்றால் மறுபேச்சுக் கிடையாது. "மாதவராஜ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விடுவார்கள். என் வீட்டில் மட்டும் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பள்ளியில் இந்த வருஷம் புதிதாக ஓர் ஏற்பாடு. எந்த குரூப் எடுத்தாலும் கூடவே ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். அதற்கு மூன்று நாள் வகுப்பு பள்ளியில், இரண்டு நாள் வீட்டில். வீட்டு நாளில் டீச்சர் ஆன்லைனில் பாடம் நடத்துவார். பிறகு பிள்ளை அதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். கலப்பு முறைக் கற்றல் என்று அதற்குப் பெயர். கோடிங், கணக்குப்பதிவியல், தையல், பட்டுப்புழு வளர்ப்பு என்று நான்கு பாடங்கள் கொடுத்திருந்தார்கள்.

நான் கோடிங் என்றேன். பாரதி பட்டுப்புழு என்றாள்.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் மல்பெரியும் ஒரு புழு வளர்ப்புக் கொட்டகையும் இருக்கின்றன. அது என் மனைவி தமிழ்மணியின் ராஜ்யம். புழுவுக்கு வேளாவேளைக்கு இலை வெட்ட வேண்டும், சுமக்க வேண்டும், போட வேண்டும், எச்சம் அள்ள வேண்டும். என் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். புழுவின் சாப்பாடு பத்து நிமிஷம் தள்ளிப் போனால் வீடு ரெண்டாகும். அந்த வேலைக்குப் பயந்துதான் நான் பிரௌசிங் சென்டரே திறந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் மகள் ஓசூரிலோ பெங்களூரிலோ ஏ.சி. அறையில், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அவளோ, போன ஐப்பசியில் ஒரு தட்டுப் புழு மொத்தமாகச் செத்தபோது, பூதக்கண்ணாடியோடு மூன்று நாள் அந்தத் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஏன் செத்தது என்று தெரிந்தாக வேண்டுமாம்.

தமிழ்மணியிடம் என் முடிவை அறிவித்தேன்.

"சரிங்க" என்றாள்.

"கோடிங்தான்."

"நீங்க சொன்னா சரிதான்."

"அவ அழுதாலும் மாத்த மாட்டன்."

"அவ எதுக்கு அழுவறா? சோறு போடட்டுங்களா?"

பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு 'சரிங்க'வை நான் கேட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று பாரதியின் படிவத்தை நானே நிரப்பி, கடை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். ஊர்க் கூட்டம் ஓய்ந்த பிறகு, கடைசி நாள் சாயங்காலம் நிதானமாகப் பதிவு செய்யலாம் என்பது என் திட்டம்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஐந்து மணியோடு பதிவு மூடிவிடும். நாலேகாலுக்குத் தமிழ்மணி கடைக்கு வந்தாள். ஒரு கையில் மகளிர் குழு நோட்டு, இன்னொரு கையில் ஒயர் கூடை. கூடை நிறைய செல்போன்.

"குழுவுல பன்னண்டு பேரு வூட்டுப் புள்ளைங்களுக்கு இன்னும் பதிவு பண்ணலைங்க. எல்லாரும் வயல்ல இருக்காங்க. ராமக்கா எல்லாத்தையும் வாங்கி எழுதி எங்கிட்ட குடுத்துட்டாங்க. நான் படிக்கறன், நீங்க அடிங்க."

ராமக்காள் அந்தக் குழுவின் தலைவி. செல்போன் எதற்கு என்று கேட்டேன். பதிவு செய்தால் ஓ.டி.பி. அம்மாக்கள் போனுக்குத்தான் வரும் என்றாள். அது உண்மைதான். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போகிறார்களோ அவர்கள் நம்பரைத்தான் எழுதிக்கொள்வார்கள். எங்கள் பக்கம் அப்பா நம்பர் எழுதிய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஆரம்பித்தோம். பத்தாம் வகுப்புப் பதிவெண், பிறந்த தேதி, பாடத்தின் குறியீட்டு எண், அவ்வளவுதான். அவள் படித்தாள், நான் தட்டினேன். கூடைக்குள் ஒரு போன் கிணுகிணுக்கும். அவள் அதை எடுத்து எண்ணை வாசிப்பாள். பிள்ளையின் பெயர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வரும். அதையெல்லாம் நான் படிப்பதில்லை, ஓகே போட்டுவிடுவேன். எனக்கு வேகம்தான் பெருமை.

ஒவ்வொரு படிவத்திலும் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. வீட்டுப் பயிற்சி நாளில் பிள்ளைக்கு உதவப் போவது தாயா, தந்தையா?

"எல்லாத்துக்கும் அப்பான்னு போட்டுடுங்க. பொம்பளைங்க ஏற்கெனவே வேலையில கெடக்கறாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு ஆம்பிளைகளை ஒரே சாயங்காலத்தில் மாட்டிவிடுகிறோமே என்று உற்சாகமாகவே டிக் போட்டேன். ஊர் ஆம்பிளைகள் உன்னைச் சும்மா விட மாட்டார்கள் என்று தமிழ்மணியிடம் சொன்னேன்.

"என்னைய எதுக்கு? டைப் அடிச்சது நீங்க" என்றாள். அதற்கும் சிரித்தேன்.

அவள் கூடையோடு போன பிறகு கதவைப் பாதி சாத்தினேன். டிராயரைத் திறந்தேன். பாரதியின் பதிவெண்ணை ஒவ்வொரு எண்ணாக, பக்தியோடு தட்டினேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. இந்த மாணவிக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டது, மாற்ற இயலாது. பாடம், பட்டுப்புழு வளர்ப்பு. நேரம், மாலை 4.31. பதிவு செய்தவர், மாதவராஜ்.

மூன்று முறை தட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அந்த மாதவராஜ் நானாகவே இருந்தேன்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். நான் பதிவு செய்யவில்லை என்றால் என் ஐ.டி.யை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். புகார் எழுதிக் கொடுக்கலாமாம். விசாரணை முடியும் வரை சென்டரை மூடி வைப்பார்களாம். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனேன். தமிழ்மணி கொட்டகை வாசலில் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பன்னண்டுல பாரதியும் இருந்தாளா?"

"ஏழாவது."

"எனக்குத் தெரியாம இப்படிச் செய்யலாமா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத் தெரியாமலா? அவ பொறந்த தேதிய ரெண்டு தடவ சத்தமாப் படிச்சன். நிறுத்தி உங்க மூஞ்சியப் பாத்தன். நீங்கதான் 'ம், அடுத்தது'ன்னு சொன்னீங்க."

பாரதி பிறந்தது ஆடிப்பெருக்குக்கு இரண்டாம் நாள் என்று தெரியும். அன்றைக்குப் பாலக்கோடு ரோட்டில் பஸ் நின்றுபோய், நான் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனது தெரியும். காலண்டர் தேதி மட்டும் தெரியாது. டிராயரில் பூட்டிய படிவத்தில்கூட மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் பிறந்த தேதியையும் பத்து வருஷமாகத் தட்டியிருக்கிறேன். ஒன்றுகூட மனதில் நின்றதில்லை.

"தெரிஞ்சிருந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பீங்க. கோடிங்கே போட்டிருப்பம். பாரதிகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தன். அப்பா கண்டுபுடிச்சிட்டா அப்பா சொன்னதுதான்னு. அவளும் ஒத்துக்கிட்டா."

வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபப்படலாம் என்று பார்த்தேன், யார் மேல் படுவது என்று தெரியவில்லை. உள்ளே பாரதி பாடிக்கொண்டே புழுத் தட்டுகளைத் துடைக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்படிப் பாடி நான் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை.

ஜூலை பிறந்தது. பக்கத்து ஹார்டுவேர் கடை முனாப் என் கடைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவர் மனைவி ஷகிலாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

"அண்ணே, எம் பொண்ணு சமரீன் தையல் எடுத்திருக்கா. வாரத்துல ரெண்டு நாளு கடைய வுட்டுட்டு ஊசில நூலு கோத்துக் குடுத்துட்டிருக்கறன். எவன்ணே அது, அப்பான்னு டிக் போட்டது?"

"சர்வர் கோளாறு, பாய்" என்றேன்.

நம்பினாரா தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு டீ வாங்கித் தருவதை நிறுத்திவிட்டார். மீதிப் பத்து அப்பாக்களும் என்னைத் தேடுவதாகக் கேள்வி. நான் இப்போது கடைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போகிறேன்.

வியாழனும் வெள்ளியும் கடையே கிடையாது. காலையில் கொட்டகையில் ஒரு ஸ்டூல் மேல் போனைச் சாய்த்து வைத்திருப்பாள் பாரதி. அதற்குள்ளிருந்து டீச்சர் பார்ப்பார். "உதவியாளர் இலைய இன்னும் பொடியா நறுக்கணும்" என்பார். நறுக்குவேன். "உதவியாளர் கை கழுவலையே" என்பார். கழுவுவேன். பத்து வருஷம் ஓடி ஒளிந்த வேலை, இப்போது வருகைப் பதிவேட்டோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

போன வாரம் முதல் மதிப்பீட்டுத் தாள் வந்தது. பாரதிதான் கொண்டுவந்தாள். மாணவி: மிகச் சிறப்பு, நோய்ப்பட்ட புழுவைத் தொடக்கத்திலேயே அடையாளம் காண்கிறாள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணோடு கீழ் வரிக்கும் போனேன். உதவியாளர், தந்தை: கவனம் போதாது, சொன்னதை ஒரே முறையில் கேட்பதில்லை, முன்னேற்றம் தேவை.

மகள் தாள் ஆயிற்றே, அப்பன் கையெழுத்துப் போட வேண்டாமா என்று பேனாவைத் திறந்தேன். பாரதி தாளை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"இல்லப்பா. உங்களோடதுல அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க."