நல்லதாக நாலு வார்த்தை

“பாவம் பிள்ளையாக்கும்” என்று ஜெயபாய் சொன்னதும் அன்னக்கிளி சாயா கிளாஸைக் கீழே வைத்தாள்.

“பாவம்னா?”

“பாவம்னா நல்ல பிள்ள. ஒரு வம்புக்கும் போவாது.”

அருமனைச் சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வீட்டின் முன்னறையிலேயே ஜெயபாய் தையல் கடை வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பிளஸ்ஸிக்குக் கருங்கல்லிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மாமாவான ராஜையனும் அவர் மனைவி அன்னக்கிளியும் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்து, இப்போது தையல் மெஷினுக்கு எதிரே அமர்ந்திருந்தார்கள்.

பிளஸ்ஸியின் அம்மா செல்லத்தாய் முந்தின நாளே வந்து ஜெயபாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “அக்கா, மாப்பிள்ள வீட்டுல இருந்து ஒங்ககிட்ட கேக்க வருவினும். நாலு வார்த்த நல்லதா சொல்லணும்.” புருஷன் போன பிறகு ஒற்றையாக நின்று மகளை வளர்த்தவள். அவள் இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

ஜெயபாய்க்குப் பொய் வராது. ‘இந்த நெறம் ஒனக்குச் சேராது’ என்று துணியைத் திருப்பிக் கொடுத்து, வந்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறவள். ஆனால் பிளஸ்ஸிக்காகப் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கண்ணெதிரே வளர்ந்த தங்கமான பிள்ளை. அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தாள்.

“பேச்சு, பழக்கமெல்லாம் எப்பிடி?” என்று கேட்டார் ராஜையன்.

“ரொம்ப அடக்கம். தெருவுல நின்னு வாயத் தொறந்து பேசி நான் கேட்டதே இல்ல.”

அன்னக்கிளி கணவனைப் பார்த்தாள். “பேச்சு வரும் இல்லியா?”

“ஐயோ, அதெல்லாம் வரும்! போன்ல மணிக்கணக்கா பேசுமே.”

“யாருகிட்ட?”

“ஆபீஸ் காரியமாக்கும். வீட்டுல இருந்தே வேல. பேசுகதும் சிரிக்கதும் இங்க வரைக்கும் கேக்கும்.”

“ஆபீஸ் காரியத்துலயா சிரிப்பு?”

பேச்சு எங்கேயோ கோணுகிறது என்று ஜெயபாய்க்குத் தெரிந்தது. நேராக்கிவிட நினைத்தாள்.

“ஆம்பளப் பயலுவ சகவாசம் ஒண்ணும் கெடையாது, கேட்டியளா.”

“நாங்க அத கேக்கல்லியே” என்றார் ராஜையன்.

“கேக்கல்ல. நாளைக்கு வேற யாரும் ஏதாவது சொல்லீரப்பிடாதுல்லா.”

“என்னத்தச் சொல்லுவினும்?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாவ. சொல்லுகதுக்கு ஒண்ணும் இருந்தாத்தானே?”

ராஜையன் மெல்லச் செருமினார். “ஒடம்புக்கு?”

“இப்ப ஒரு கொறையும் இல்ல.”

“இப்பன்னா?”

பொய் வராதவளுக்கு அந்த இடத்தில் நிறுத்தவும் தெரியவில்லை. “சின்னதுல கொய்யா மரத்துல இருந்து விழுந்துச்சு. தலையில ரெண்டு தையல். ஆனா மூளைக்கு ஒண்ணும் ஆவல்லன்னு அப்பவே டாக்டர் சொல்லிட்டாரு.”

சாயாவைப் பாதியிலேயே விட்டுவிட்டு இருவரும் எழுந்தார்கள். “செரி, யோசிச்சுச் சொல்லுகோம்.”

மதியம் சாப்பிட வந்த சத்தியநேசனிடம் நடந்ததைச் சொல்லி அழாத குறையாக நின்றாள். அவள் கணவனான அவர் வளைகுடாவில் பல வருடம் டிரைவராக இருந்தவர். அரபியையே பேசிச் சமாளித்தவனுக்குக் கருங்கல்காரர் எம்மாத்திரம் என்று ராஜையனின் நம்பரைத் தேடிப் பிடித்தார்.

“அண்ணே, நான் ஜெயபாய்க்க வீட்டுக்காரன். அவ சொன்னத ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதுங்க. அப்பிடி ஒண்ணும் நடக்கல்ல.”

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது.

“எப்பிடி ஒண்ணும்?”

“நீங்க என்னத்த நெனச்சியளோ, அது.”

போனை வைத்துவிட்டு, “செரியாக்கிட்டேன்” என்றார். ஜெயபாய் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளே கருங்கல்லுக்குப் பஸ் ஏறினாள். இந்த முறை அதிகம் பேசுவதில்லை என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு போனாள். ராஜையன் வீட்டில் உட்கார்ந்து, “பிளஸ்ஸி நல்ல பிள்ள. அம்புட்டுதான்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அன்னக்கிளி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “இத சொல்லுகதுக்கா அருமனையில இருந்து பஸ் ஏறி வந்திய?”

“ஆமா.”

“நல்ல பிள்ளன்னு சொல்ல எதுக்கு இந்த அலச்சல் மைனி? பிள்ளைக்க அம்மா கேட்டுக்கிட்டாவளோ?”

இல்லை என்று சொல்ல ஜெயபாயின் நாக்கு புரளவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் கருங்கல்லிலிருந்து தகவல் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இப்போது கல்யாணம் பண்ணும் எண்ணம் இல்லையாம்.

செல்லத்தாய் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். காலையில் முற்றம் பெருக்கும்போது வழக்கமாக இந்தப் பக்கம் பார்த்து ஒரு வார்த்தை பேசுகிறவள், அன்று குனிந்த தலை நிமிராமல் பெருக்கிவிட்டு உள்ளே போனாள்.

ஜெயபாய் மெஷினில் உட்கார்ந்தாள். கால் மிதிக்கவில்லை. சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரு சொல்கூடக் கெட்டது இல்லை. ஆனால் ‘இல்லை, இல்லை’ என்று தான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர்கள் மனதுக்குள் முதலில் கொண்டுபோய் வைத்தது தானேதான் என்று இப்போது புரிந்தது. வைத்த பிறகு அல்லவா எடுக்கப் பார்த்திருக்கிறாள்! பட்டுத் துணியில் போட்ட தையலைப் பிரித்த மாதிரி ஆகிவிட்டது. நூலை உருவிவிடலாம். ஊசி போன துளை அப்படியே கிடக்கும். இத்தனை வருடம் துணியில் தெரிந்த விஷயம் பேச்சில் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தபோது கண் கலங்கியது.

அந்தி சாயும் நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. பிளஸ்ஸி.

ஜெயபாய் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மக்ளே, எனக்க வாயால ஒனக்க வாழ்க்கையக் கெடுத்துட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். ஒரு தப்பு வார்த்த சொல்லல்ல, ஆண்டவர் சத்தியமா.”

“தெரியும் மாமி.”

“ஒனக்க அம்மைக்க மொகத்துல நான் இனி எப்பிடி முழிப்பேன்?”

பிளஸ்ஸி தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அம்மா வெளியே இல்லை. கதவைப் பாதி சாத்திவிட்டு, ஜெயபாயின் காதருகே வந்தாள்.

“எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு தெருவுல ஒங்களத் தவிர எல்லாருகிட்டயும் என்னப் பத்திக் கொற சொல்லச் சொல்லியிருந்தேன் மாமி; அவிய வாய் நெறையச் சொல்லியும் பொறாமையில சொல்லுகினும்னு மாப்பிள்ள வீட்டுக்காரங்க நம்பவே இல்ல, நீங்க நாலு வார்த்த நல்லதா சொன்ன பெறவுதான் ஓடுனாவ!”